மெட்டல் இசைக்கு உயர்ரக ஹெட்போன்: படிப்படியாகத் தேர்வு செய்வது எப்படி

மெட்டல் கேட்க ஹெட்போன் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "எதில் பேஸ் நன்றாக இருக்கும்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: நாற்பது நிமிட ஆல்பத்தை முழுதாகக் கேட்டு முடித்ததும் காது எப்படி இருக்கிறது?

ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டும் உள்ள பாட்டில் ஹெட்போனின் குறை எப்போதாவதுதான் வெளியே தெரியும். மெட்டலில் அந்த ஓய்வு கிடைக்காது. டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டார் இரு பக்கமும் சுவர் போல நிற்கும். மேலே சிம்பல் விடாமல் சீறும், கீழே கிக் டிரம் நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை இடிக்கும். ஹெட்போனில் 8 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு சின்ன மேடு இருந்தாலும் பாட்டு அந்த இடத்தையே குத்திக்கொண்டிருக்கும். கடையில் ஐந்து நிமிடம் "என்ன தெளிவு!" என்று தோன்றிய ஹெட்போன் வீட்டில் அரைமணி நேரத்தில் தலைவலியைக் கொடுப்பது இதனால்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நாற்பது நிமிடத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை.

முதல் படி: எந்த மெட்டல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அதிகம் கேட்கும் பத்து ஆல்பங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஹெட்போன் எவ்வளவு ஆழம் வரை இறங்க வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். சாதாரண சுருதியில் ஆறு தந்தி கிட்டாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 82 ஹெர்ட்ஸ். ஏழு தந்தி கிட்டாரில் அது 62, எட்டு தந்தியில் 46. நான்கு தந்தி பேஸ் கிட்டார் 41 ஹெர்ட்ஸ் வரையும் ஐந்து தந்தி பேஸ் 31 வரையும் போகும். ஜென்ட், டெத்கோர், டூம் போன்ற தாழ்ந்த சுருதி மெட்டல் வகைகளை அதிகம் கேட்பவருக்கு 30 ஹெர்ட்ஸ் வரை தொய்வில்லாமல் இறங்கும் ஹெட்போன் வேண்டும். வேகமான த்ராஷ் வகையும் பழைய ஹெவி மெட்டலும் கேட்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே உயிர் இருப்பது கிட்டாரின் நடுப்பகுதியில்தான். கிட்டார் கேபினெட்டில் இருக்கும் ஸ்பீக்கர்கள் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடுவதால், ரிஃபின் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியின்) உடல் முழுக்க ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸுக்கும் 5 கிலோஹெர்ட்ஸுக்கும் நடுவே அடங்கிவிடுகிறது.

சென்ஹைசர் எச்டி 600, எச்டி 650 இரண்டும் இத்தனை ஆண்டுகள் கழித்தும் பரிந்துரைகளில் நிற்பது இந்த நடுப்பகுதியை அவை உண்மையாகக் காட்டுவதால். 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரண்டும் சரிகின்றன. த்ராஷில் அது பெரிய குறையாகத் தெரியாது, டூமில் பாட்டின் அஸ்திவாரமே காணாமல் போன மாதிரி இருக்கும். கிராடோ ஹெட்போன்கள் இன்னும் ஒருபடி அந்தப் பக்கம்: கிட்டார் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், ஆழ்ந்த பேஸ் குறைவு, மேல்பகுதி கூர்மை. ஒரு மணி நேர த்ராஷுக்கு அவை கொண்டாட்டம். பிளாஸ்ட் பீட்டும் (அதிவேக டிரம் தாளம்) ட்ரெமலோ பிக்கிங்குமாக (ஒரே ஸ்வரத்தை விடாமல் வேகமாக மீட்டுவது) ஓடும் பிளாக் மெட்டலுக்கு அவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம். அந்தப் பதிவுகள் வேண்டுமென்றே மெலிதாகவும் கூர்மையாகவும் எடுக்கப்பட்டவை. கூர்மையான ஹெட்போனில் கேட்டால் கூர்மை இரட்டிப்பாகும்.

டபுள் பேஸ், அதாவது இரு கால்களாலும் கிக் டிரம்மை வேகமாக அடிப்பது, பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் பதினாறாம் பங்கு ஸ்வரங்களாக (ஒரு துடிப்புக்கு நான்கு அடி) கிக் அடித்தால் நொடிக்கு 13 அடிக்கு மேல். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 75 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்கவே கிட்டத்தட்ட 17 மில்லிசெகண்ட் ஆகும். அந்த இடைவெளிக்குள் நான்கைந்து சுற்றுக்கு மேல் இடமில்லை. அதனால்தான் ஒலிக்கலவை செய்பவர்கள் கிக்கின் "டக்" என்ற சத்தத்தை 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை தூக்கி வைக்கிறார்கள். அடிகளைக் காது எண்ணுவது அந்த "டக்"கை வைத்துத்தான். "பேஸ் அதிகம்" என்று விற்கப்படும் ஹெட்போன் பெரும்பாலும் 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உப்பியிருக்கும். அந்த உப்பல் கிக், பேஸ் கிட்டார், பாம் மியூட் (உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும் கிட்டார்) மூன்றையும் ஒரே களியாகக் கிண்டிவிடும். மெட்டலுக்கு வேண்டியது 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிறைவு, 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சுத்தம், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் தெளிவு.

இரண்டாம் படி: திறந்த வகையா, மூடிய வகையா

அமைதியான அறையில் தனியாகக் கேட்பீர்கள் என்றால் பின்பக்கம் திறந்த வகையை எடுங்கள். மெட்டல் பதிவுகளில் ஒரே ரிஃபை இரண்டு தடவை வாசித்து ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் வைப்பது வழக்கம். திறந்த ஹெட்போனில் அந்த இரண்டு கிட்டார்களும் தலைக்கு வெளியே தள்ளி நின்று, நடுவே குரலுக்கும் ஸ்னேருக்கும் இடம் விடும். மூடிய வகையில் கிண்ணத்துக்குள் எதிரொலிக்கும் ஒலி 150–300 ஹெர்ட்ஸ் பகுதியில் சேர்ந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம், அதாவது மெட்டல் ஏற்கெனவே நெரிசலாக இருக்கும் இடத்திலேயே. பக்கத்தில் யாராவது தூங்குவார்கள், வெளிச்சத்தம் உள்ளே வரும் என்றால் மூடிய வகைதான் வழி. அப்போது டான் கிளார்க் ஆடியோவின் ஸ்டெல்த், பேயர்டைனமிக் டிடி 1770 ப்ரோ போன்றவற்றைக் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நல்ல ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) தேவை.

மூன்றாம் படி: ட்ரைவர் வகை

ஹெட்போனுக்குள் ஒலியை உண்டாக்கும் பாகம்தான் ட்ரைவர். டைனமிக், பிளேனார், எலக்ட்ரோஸ்டாட்டிக் என்று மூன்று. டைனமிக் வகையில் கம்பிச்சுருள் ஒட்டிய டயாஃப்ரம் என்ற மெல்லிய படலம் அசைகிறது. ஸ்னேர் அடியும் கிக் அடியும் உடம்பில் மோதுவது போன்ற உணர்வை நல்ல டைனமிக் ஹெட்போன்கள் எளிதாகத் தருகின்றன, ஃபோகல் க்ளியர் அதற்குப் பேர்போனது. ஆனால் க்ளியரில் பேஸை இக்யூ (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்) செய்து தூக்கிச் சத்தத்தையும் மிக அதிகமாக வைத்தால் டயாஃப்ரம் அதன் அசைவு எல்லையைத் தொட்டுப் படபடவென்று வெடிக்கும். எட்டு தந்தி கிட்டாரைச் சத்தமாகக் கேட்பவர் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பிளேனாரில் மெல்லிய படலம் முழுவதும் காந்தங்களுக்கு நடுவே ஒன்றாக அசைகிறது. பேட் (காதைச் சுற்றி உட்காரும் மெத்தை) காதைச் சரியாக மூடியிருந்தால் பேஸ் 20–30 ஹெர்ட்ஸ் வரை கிட்டத்தட்ட நேர்கோடாக இறங்கும், சிதைவும் குறைவு. நவீன, தாழ்ந்த சுருதி மெட்டலுக்கு முதல் தேர்வு இதுவே என்பது எங்கள் கருத்து. ஹைஃபைமேன் சுந்தரா, ஆரியா, ஆடீஸ் எல்சிடி-எக்ஸ், மெஸே எம்பிரியன் எல்லாம் இந்த வகை.

"பிளேனார் வேகமானது, அதனால் பிளாஸ்ட் பீட்டுக்கு ஏற்றது" என்று சொல்லக் கேட்பீர்கள். அந்த வேக உணர்வின் பெரும்பகுதி அதிர்வெண் சமநிலையிலிருந்து வருவது. 200 ஹெர்ட்ஸில் உப்பல் இல்லாமல் 3 கிலோஹெர்ட்ஸில் தெளிவு இருந்தால் டைனமிக் ஹெட்போனும் அதே அளவு வேகமாகவே கேட்கும். ஆகவே ட்ரைவர் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஸ்டாக்ஸ் போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் வகைக்குத் தனி ஆம்ப் வேண்டும், ஸ்டாக்ஸ் ப்ரோ வகையின் படலத்துக்கு எப்போதும் கொடுக்க வேண்டிய பயஸ் மின்னழுத்தம் மட்டுமே 580 வோல்ட். சிம்பல்களைப் பிரித்துக் காட்டுவதில் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் கிக்கின் இடி மெலிதாகவே வரும். மெட்டலுக்கு முதல் ஹெட்போனாக அது வேண்டாம்.

நான்காம் படி: வரைபடம் படிக்கப் பழகுங்கள்

கேட்கப் போகும் முன், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் வருகிறது என்று காட்டும் அளவீட்டு வரைபடத்தைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒப்பிட ஒரு கோடு வேண்டும். ஹர்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் பலரையும் கேட்க வைத்து உருவாக்கிய இலக்குக் கோடு பெரும்பாலான வரைபடங்களில் இருக்கும். அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு நான்கு இடங்களைப் பாருங்கள்.

20–80 ஹெர்ட்ஸ்: கோடு இலக்கைவிட 5 டெசிபெல்லுக்கு மேல் கீழே விழுந்தால் டூம், டெத்கோர் எல்லாம் மெலிந்துபோகும்.

150–350 ஹெர்ட்ஸ்: இங்கே 3 டெசிபெல் மேடு இருந்தால் போதும், பேஸ் கிட்டார் எந்த ஸ்வரம் வாசிக்கிறது என்பதே புரியாது.

2–4 கிலோஹெர்ட்ஸ்: இங்கே பெரிய பள்ளம் இருக்கும் ஹெட்போன் "இதமாக" இருக்கும், ஆனால் ரிதம் கிட்டார் போர்வைக்குள் வாசித்தது போல் ஆகும். கத்தல் குரலின் சொற்களும் இங்கேதான் தொலையும். மாறாக, இங்கே அதிகமாகத் தூக்கியிருந்தால் ஸ்னேர் நெற்றியில் அடிக்கும்.

5–10 கிலோஹெர்ட்ஸ்: மெட்டலுக்கு எமன் இங்கேதான் இருக்கிறான். சிம்பலின் சீறலும் டிஸ்டார்ஷனின் மேல்நுனி இரைச்சலும் ஒன்று சேரும் இடம். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ள மேடு பிரசித்தம். சென்ஹைசர் எச்டி 800-இல் 6 கிலோஹெர்ட்ஸ் அருகே மேடு இருந்தது. 2016-இல் வந்த எச்டி 800 எஸ்-இல் அதை உறிஞ்ச ஓர் அமைப்பையே சேர்த்தார்கள். அப்படியும் அது பேஸ் குறைந்த, மேல்பகுதி வெளிச்சமான ஹெட்போன்தான். அதன் ஒலிவெளி பிரமாதம், ஆனால் இக்யூ இல்லாமல் மெட்டலுக்கு வாங்கினால் பலருக்கும் மனம் நிறையாது.

வரைபடத்தில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, வேறு வேறு அளவீட்டுக் கருவியில் எடுத்த வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடுவது. கிராஸ் (GRAS) நிறுவனத்தின் கருவியும் புரூயல் அண்ட் கியேர் 5128-உம் ஒரே ஹெட்போனுக்கு வேறு கோடு காட்டும். இன்னொன்று, அதிகமாக வழவழப்பாக்கிய கோடு. குறுகிய மேடுகள் அதில் மறைந்துவிடும். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எந்த வரைபடத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். ஹெட்போனைச் சற்று நகர்த்தி வைத்தாலே அங்கே கோடு மாறிவிடும்.

ஐந்தாம் படி: ஆம்ப் கணக்கு

விலை உயர்ந்த ஹெட்போனை வாங்கி நேராகப் போனில் சொருகி "பேஸே இல்லை" என்று வருந்துவது வழக்கமாக நடக்கிறது. ஓம் எண்ணை (இம்பீடன்ஸ், அதாவது மின்தடை) மட்டும் பார்ப்பது போதாது, உணர்திறனையும் (குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) சேர்த்துக் கணக்கிட வேண்டும். உச்ச அடிகளில் 115 டெசிபெல் என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். இக்யூவில் பேஸைத் தூக்கவும் இதில் இடம் இருக்கும். இலக்கிலிருந்து ஒரு மில்லிவாட்டுக்கான உணர்திறனைக் கழியுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் திறன் பத்து மடங்கு, ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் ஏறக்குறைய இரு மடங்கு.

எல்சிடி-எக்ஸ்: 20 ஓம், மில்லிவாட்டுக்கு 103 டெசிபெல். மிச்சம் 12. தேவை சுமார் 16 மில்லிவாட், 0.6 வோல்ட்டுக்கும் குறைவு. சிறிய யூஎஸ்பி டாங்கிளே போதும்.

எச்டி 650: 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபெல். 300 ஓமில் ஒரு வோல்ட் என்பது 3.3 மில்லிவாட், ஆகவே மில்லிவாட்டுக்கு 98 டெசிபெல் அளவுதான். தேவை 50 மில்லிவாட்டும் 4 வோல்ட்டும். திறன் கொஞ்சம்தான், வோல்ட்தான் போனில் கிடைக்காது.

ஹைஃபைமேன் எச்இ-6: 50 ஓம், மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல். தேவை ஏறக்குறைய 1.4 வாட், 8.4 வோல்ட். இதற்கு வலுவான மேசை ஆம்ப் இல்லாமல் நடக்காது.

வாங்கும்போது பட்டியலில் உணர்திறன் வோல்ட்டுக்குச் சொல்லப்பட்டதா, மில்லிவாட்டுக்குச் சொல்லப்பட்டதா என்று கட்டாயம் பாருங்கள். இரண்டையும் குழப்பினால் கணக்கே தலைகீழாகும்.

ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 300 ஓம் டைனமிக் ஹெட்போனின் இம்பீடன்ஸ் பேஸ் பகுதியில் மேலே ஏறும். வெளியீட்டு இம்பீடன்ஸ் அதிகமுள்ள டியூப் ஆம்பில் அதே இடத்தில் பேஸ் உப்பும். சிலருக்கு அந்தக் கனம் பிடிக்கும், வேகமான டெத் மெட்டலில் அது களிதான். பிளேனாரின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் தொனி மாறாது, ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத டியூப் ஆம்பால் 20 ஓமுக்குத் திறன் கொடுக்க முடியாமல் திணறும்.

வால்யூம் குமிழைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டியிருந்தால் ஆம்பின் கெயினை (எத்தனை மடங்கு பெருக்குகிறது என்ற அமைப்பு) குறையுங்கள். குமிழின் ஆரம்பப் பகுதியில் இடமும் வலமும் சமமாக வராமல் போவதுண்டு, இரட்டைக் கிட்டார் உடனே ஒரு பக்கம் சாயும். பேலன்ஸ்டு இணைப்பு அதிக வோல்ட் தரும், அவ்வளவுதான். டிஏசியும் (டிஜிட்டல் ஃபைலை மின்சிக்னலாக மாற்றும் கருவி) கேபிளும் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இரைச்சல் இல்லாத சாதாரண டிஏசி போதும். கேபிள் முறுக்காமல், ஆடையில் உரசும் சத்தம் வராமல் இருந்தால் போதும்.

ஃபைல் தரம் வேறு விஷயம். 128 கேபிபிஎஸ் எம்பி3-இல் சிம்பல்கள் தண்ணீருக்குள் சுழல்வது போலக் கேட்கும், உயர்ரக ஹெட்போன் அதை இன்னும் எடுத்துக்காட்டும். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃப்ளாக் (FLAC, தரம் இழக்காத ஃபைல் வகை) இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை.

ஆறாம் படி: காதில் மாட்டிச் சோதனை

எடையை முதலில் பாருங்கள். எச்டி 600 சுமார் 260 கிராம், எச்டி 800 எஸ் 330, எல்சிடி-எக்ஸ் 612. அறுநூறு கிராமை நாற்பது நிமிடம் கழுத்து தாங்குமா என்பதைக் கடையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே சோதிக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு பேடுக்கு அடியில் விடும் சிறு இடைவெளி பிளேனாரிலும் மூடிய வகையிலும் ஆழ்ந்த பேஸை உறிஞ்சிவிடும்.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யுங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக இருப்பது எப்போதும் "தரமாக"க் கேட்கும். பிங்க் நாய்ஸை (சோதனைக்கான சீரான இரைச்சல் ஒலி) ஓடவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி ஒரே அளவாகத் தோன்றும் இடத்தில் குமிழைக் குறித்துக்கொண்டாலே பெரிய பிழை போய்விடும்.

பிறகு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளை மட்டும் எடுத்து இவற்றைக் கவனியுங்கள். வேகமான டபுள் பேஸில் ஒவ்வொரு அடியும் தனியாக வருகிறதா, அல்லது உருமலாக மாறுகிறதா? கிட்டாரும் பேஸ் கிட்டாரும் ஒரே ரிஃபை வாசிக்கும்போது பேஸ் கிட்டாரின் தந்தி உரசல் தனியாகக் கேட்கிறதா? பாம் மியூட் முடிந்த கணத்தில் நிசப்தம் வெட்டியதுபோல் விழுகிறதா, அல்லது "ம்ம்" என்று இழுக்கிறதா? ரைடின் மணியோசை, சைனா, கிராஷ் என்ற மூன்று வகைச் சிம்பல்களும் மூன்று உலோகங்களாகத் தெரிகின்றனவா, அல்லது எல்லாமே "ஷ்ஷ்" ஆகிவிடுகின்றனவா? இடக் கிட்டாரின் கைக்கும் வலக் கிட்டாரின் கைக்கும் உள்ள சின்ன வித்தியாசம் கேட்கிறதா?

இந்தச் சோதனைக்குப் பதிவைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். மெட்டாலிகாவின் 1988 ஆல்பம் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கலவையில் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்காத அளவுக்கு அடக்கப்பட்டது. அதில் பேஸ் வரவில்லை என்று ஹெட்போனைக் குறை சொல்லக் கூடாது. 2008-இல் வந்த 'டெத் மேக்னடிக்' சத்தத்துக்காக அழுத்தப்பட்டு உச்சிகள் வெட்டுப்பட்ட ஆல்பம். அந்தக் கரகரப்பு எவ்வளவு விலை கொடுத்தாலும் போகாது, நல்ல ஹெட்போனில் கூடுதலாகத்தான் தெரியும்.

பழைய ஹெட்போன் வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு சோதனை. 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு டோனை மெதுவாக ஏற்றி, மிதமான சத்தத்தில் கேளுங்கள். ஓரிடத்தில் சடசடத்தால் டயாஃப்ரத்தில் முடி ஒட்டியிருக்கலாம், அல்லது ட்ரைவர் பழுது. ஒரு பக்கம் சத்தம் குறைவாக இருந்தால் ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். குறை ஹெட்போனோடு நகர்ந்தால் ஹெட்போனில் கோளாறு. அதே காதில் நின்றால் உங்கள் காதில் அல்லது தலையில் உட்காரும் விதத்தில்.

ஏழாம் படி: வீட்டில் அமைப்பது

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் இருக்கும் கடையில் வாங்குங்கள். அந்த நாட்களில் முழு ஆல்பங்களாகக் கேளுங்கள். முதல் இரண்டு நாள் பழைய ஹெட்போனின் தொனி காதில் மிச்சமிருக்கும், அதனால் அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம்.

பிறகு இக்யூ. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இலவசம். பல ஹெட்போன்களுக்கு ஆட்டோஇக்யூ என்ற இலவசத் தொகுப்பில் ஆயத்த அமைப்புகளும் கிடைக்கும், ஆனால் அவற்றைத் தொடக்கமாக மட்டும் வையுங்கள். கையால் செய்வதென்றால் முதலில் ப்ரீஆம்பை (இக்யூவில் மொத்தச் சத்தத்தை மாற்றும் அமைப்பு) 6 டெசிபெல் குறையுங்கள். மெட்டல் பதிவுகள் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டு நிற்பதால் இதை மறந்தால் கிளிப்பிங் (உச்சிகள் வெட்டுப்பட்டுக் கரகரப்பது) உறுதி. 100 ஹெர்ட்ஸில் லோ ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள பகுதி முழுவதையும் தூக்கும் ஃபில்டர்) வைத்து 3-இல் தொடங்கி 6 டெசிபெல்லுக்குள் நிறுத்துங்கள். கிட்டார் களியாக இருந்தால் 250 ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் குறையுங்கள். சிம்பல் குத்தினால், குறுகிய ஃபில்டர் ஒன்றை 8 டெசிபெல் உயர்த்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, 5-இலிருந்து 10 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்துங்கள். எங்கே மிக மோசமாகக் குத்துகிறதோ அதுதான் மேடு. அங்கே 3 அல்லது 4 டெசிபெல் இறக்கிவிடுங்கள். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.

சத்த அளவில் கண்டிப்பு தேவை. அழுத்தப்பட்ட மெட்டல் பதிவில் சராசரி ஒலி உச்சத்துக்கு மிக நெருக்கமாக ஓடுவதால் காதுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. பணியிட ஒலிக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நையாஷ் (NIOSH) பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபெல்லில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகிறது: 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் பதினைந்து நிமிடம். சிதைவு குறைந்த ஹெட்போனில் சத்தம் அதிகம் என்ற உணர்வே வராமல் 95-ஐத் தாண்டிவிடுவது எளிது. கேட்டு முடித்ததும் காதில் ரீங்காரம் இருந்தால் அடுத்த தடவை குமிழ் நிற்க வேண்டிய இடத்தை நன்றாகக் கீழே குறித்து வையுங்கள்.

பேட்கள் தேயும் பொருள். தினமும் கேட்பவருக்கு ஓரிரு ஆண்டில் அமுங்கித் தட்டையாகிவிடும், ட்ரைவர் காதுக்கு அருகில் வந்து மேல்பகுதி கூர்மையாகும், மூடல் தளர்ந்தால் பேஸ் போகும். "ஹெட்போன் பழசாகிவிட்டது" என்று பலர் விற்பது இந்த நிலையில்தான். அதே மாடலுக்கான அசல் பேடையே வாங்குங்கள். வேறு தடிமனில், வேறு துணியில் மாற்றினால் மேலே சொன்ன 250 ஹெர்ட்ஸும் 8 கிலோஹெர்ட்ஸும் இடம் மாறும், இக்யூவை முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.